தட்டினால் விடவேண்டும்

(எமது பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில், லண்டனில் வதியும் மூன்று பழைய மாணவிகள் சார்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



இந்த மேடையில் எதைப்பற்றிப் பேசப் போகிறீர்கள் என்று சங்கச் செயலாளர் தொலைபேசியில் கேட்டார். 'பிறேசிலியன் ஜியு-ஜிட்சு' என்றோம். சிறிது நேரம் பதில் இல்லை. பிறகு, "நிகழ்ச்சி நிரலில் அதை எப்படி எழுதுறது?" என்றார். கேட்டது நியாயமே. எனவே அது என்ன என்பதிலிருந்தே தொடங்குகிறோம்.

ஜியு-ஜிட்சு ஒரு மல்லுக்கலை. இதில் குத்தும் இல்லை, உதையும் இல்லை. எதிராளியை நிலத்துக்குக் கொண்டுவந்து, அவரைக் கட்டுப்படுத்தி, கை மூட்டைப் பூட்டியோ கழுத்தை அழுத்தியோ 'போதும்' என்று ஒப்புக்கொள்ள வைப்பதே இதன் நோக்கம். ஜப்பானில் ஜிகோரோ கானோ அவர்கள் 1882இல் கொடோகன் பள்ளியை நிறுவி ஜூடோவை வளர்த்தார். அங்கு பயின்ற மிட்சுயோ மயேடா 1914இல் பிறேசிலுக்குப் போனார். வடக்கே பெலெம் நகரில் அவரிடம் கற்ற கார்லோஸ் கிறேசி, 1925இல் ரியோ டி ஜெனீரோவில் பயிற்சிக்கூடம் ஒன்றைத் திறந்தார். மெலிந்த உடல்வாகுடைய அவருடைய தம்பி ஹீலியோ போன்றவர்களின் கையில், பலத்தைவிட நெம்புகோல் தத்துவத்தை நம்பும் கலையாக அது வளர்ந்தது. கிணற்றடியில் துலா மிதித்த நம் முன்னோருக்கு அந்தத் தத்துவம் புதிதல்ல.

பெண்களுக்கு இந்தக் கதவு இலகுவில் திறக்கவில்லை. ஜியு-ஜிட்சுவின் உலகச் சுற்றுப்போட்டி 1996இல் ரியோவில் தொடங்கியபோது பெண்கள் பிரிவு இருக்கவில்லை. அது 1998இலேயே சேர்க்கப்பட்டது. இக்கலையில் முதன்முதலாகக் கறுப்புப் பட்டி பெற்ற பெண்ணாக அறியப்படும் இவோனே துவார்த்தே, அந்தப் பட்டியை 1990இல் பெற்றவர். இதன் தாய்க்கலையான ஜூடோவிலும் அதே கதைதான். 1959இல் நியூயோர்க்கில் நடந்த ஒரு ஜூடோப் போட்டியில், பிற்காலத்தில் றஸ்ரி கனோகொகி என்று புகழ்பெற்ற பெண்மணி, தலைமயிரைக் கட்டையாக வெட்டி மார்பை இறுகக் கட்டிக்கொண்டு ஆண்கள் அணியில் இறங்கி வென்றார். பெண் என்று தெரிந்ததும் பதக்கத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று. அவர் சும்மா இருக்கவில்லை. 1980இல் பெண்களுக்கான முதலாவது உலக ஜூடோச் சுற்றுப்போட்டியை நியூயோர்க்கில் நடத்தினார். 1992இல் பார்சிலோனா ஒலிம்பிக்கில் பெண்கள் ஜூடோ பதக்கத்துக்குரிய விளையாட்டானது. பறிக்கப்பட்ட பதக்கத்துக்கு ஈடாக அவருக்கு ஒரு தங்கப் பதக்கம் 2009இல் வழங்கப்பட்டது. சரியாக 50 ஆண்டுகள்!

இனி எங்கள் கதைக்கு வருவோம். நாங்கள் மூவரும் இக்கல்லூரியில் வெவ்வேறு ஆண்டுகளில் படித்தவர்கள். ஒருவர் வலைப்பந்தாட்ட அணியில் இருந்தவர். ஒருவர் இல்ல மெய்வல்லுநர் போட்டியில் அணிநடைக்கு மட்டும் போனவர். மற்றவரோ, வெயில் ஏறினால் பிரார்த்தனை மண்டபத்துப் படிக்கட்டில் ஒதுங்கியவர். இன்று ஒருவர் மருந்தகத்திலும், ஒருவர் கணக்காளராகவும், ஒருவர் பாடசாலை உணவுக்கூடத்திலும் வேலை செய்கிறோம். போட்டிக்குப் பெயர் கொடுத்தபோது எங்கள் வயது 38, 43, 47.

பிள்ளைகளைப் பயிற்சிக்குக் கூட்டிக்கொண்டு போய், சுவரோரம் வாங்கில் இருந்து காத்திருந்த அம்மாமார்தான் நாங்கள். சனிக்கிழமை காலையில் பெண்களுக்கென்று தனி வகுப்பு தொடங்கியபோது, பயிற்றுநர் எங்களைப் பார்த்து, "அங்கே இருந்து பார்க்கிற நேரத்துக்கு இங்கே வந்து விழுங்கோவன்" என்ற கருத்தில் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். விழத்தான் முதலில் கற்றோம். காலை மடித்து, சேலையை ஒதுக்கி, அடக்கமாக இருக்கப் பழகிய எமக்கு, மல்லாந்து கிடந்து இரண்டு கால்களாலும் எதிராளியின் இடுப்பைச் சுற்றிப் பூட்டும் 'கார்ட்' என்ற நிலையே பெரிய கூச்சமாக இருந்தது. கீழே கிடப்பவள் தோற்றவள் என்றுதான் நாம் நினைத்திருந்தோம். கீழே கிடந்துகொண்டே ஆட்டத்தை நடத்தலாம் என்பது இக்கலை தந்த முதற்பாடம். இரண்டு மாதத்தில் கூச்சம் போய்விட்டது.

ஓராண்டு கழிந்ததும் போட்டிக்குப் போகலாமா என்ற பேச்சு வந்தது. வெள்ளைப் பட்டிக்காரருக்கு ஓர் ஆட்டம் 5 நிமிடம். எதிராளியை நின்ற நிலையிலிருந்து வீழ்த்தினால் 2 புள்ளி, கீழே கிடந்தபடி அவரைக் கவிழ்த்து மேலே வந்தால் 2, அவருடைய கால்களின் காவலைக் கடந்து போனால் 3, வயிற்றின் மேல் ஏறி அமர்ந்தாலோ முதுகைப் பிடித்தாலோ 4. பிடித்த நிலையை 3 விநாடி தக்கவைத்தால்தான் புள்ளி. எத்தனை புள்ளி பின்னால் இருந்தாலும், எதிராளியை ஒப்புக்கொள்ள வைத்தால் அந்தக் கணமே வெற்றி.

எங்களுக்கு எட்டு வாரம் இருந்தது. போட்டி என்றதும் புதிதாகப் பல வித்தைகள் கற்றுத் தருவார் என்று எதிர்பார்த்தோம். பயிற்றுநர் செய்ததோ நேர்மாறு. ஆளுக்கொரு கொப்பி வாங்கச் சொல்லி, அதில் நான்கே நான்கு விடயங்களை எழுதச் சொன்னார். நின்ற நிலையிலிருந்து நிலத்துக்குப் போக ஒரு வழி. கீழே அகப்பட்டால் தப்ப ஒரு வழி. எதிராளியின் கால்களைக் கடக்க ஒரு வழி. முடிக்க ஒரு பிடி. எழுதிய நான்கைத் தவிர வேறொன்றும் இந்த எட்டு வாரத்துக்கு வேண்டாம் என்றார். பதற்றத்தில் கைக்கு வருவது நூறு தடவை செய்ததுதான், நேற்றுப் பார்த்தது வராது என்பது அவருடைய விளக்கம். க.பொ.த. பரீட்சைக்கு முதல்நாள் புதிய பாடம் படிக்காதே என்று எங்கள் ரீச்சர்மார் சொன்னதும் இதைத்தான்.

மூன்றாம் வாரத்திலிருந்து ஆறாம் வாரம் வரை, மிகக் கெட்ட நிலையிலிருந்தே பயிற்சியைத் தொடங்கினோம். எதிராளி வயிற்றின் மேல் அமர்ந்திருப்பார், கடிகாரம் 5 நிமிடத்தில் ஓடத் தொடங்கும். தப்பினால் மீண்டும் அதே இடத்திலிருந்து. முதல் நிமிடத்திலேயே முழுப் பலத்தையும் கொட்டி உடுப்பைப் பிடித்து இழுத்தால், இரண்டாம் நிமிடத்தில் முன்கை இறுகி விரல்கள் மூடமாட்டா. ஆகவே மூக்கால் மூச்சுவிடவும், இறுக்கவேண்டிய இடத்தில் மட்டும் இறுக்கவும் பழகினோம். ஏழாம் வாரம் மத்தியஸ்தர், மணி, வணக்கம் எல்லாம் வைத்து மாதிரிப் போட்டி. எட்டாம் வாரம் இலேசான அசைவுகளும் நல்ல நித்திரையும் மட்டும்.

நிறை பற்றியும் சொல்லவேண்டும், ஏனெனில் இளம்பிள்ளைகள் இதில்தான் உடலைக் கெடுத்துக்கொள்கிறார்கள். நாங்கள் பின்பற்றிய சர்வதேச சம்மேளன விதிகளின்படி, 'கீ' என்னும் தடித்த பருத்தி அங்கியையும் பட்டியையும் அணிந்தபடியே, முதல் ஆட்டத்துக்குச் சற்று முன்னர் நிறை பார்ப்பார்கள். பெண்களில் 64 கிலோ வரை ஒரு பிரிவு, அதற்கு மேல் 69 வரை அடுத்த பிரிவு. எங்களில் ஒருவர் கீயுடன் 65 கிலோ. இரண்டு வாரம் சோற்றை விட்டால் ஒரு கிலோ இறங்கும் என்று அவர் கணக்குப் போட்டார். பயிற்றுநர் கேட்கவில்லை. 69இல் பதிந்துவிட்டு வயிறாரச் சாப்பிடச் சொன்னார். முதற்போட்டியில் கற்க வேண்டியவை ஏராளம். அவற்றோடு பட்டினியையும் ஏன் சுமக்கவேண்டும்? போட்டியன்று காலையில் வழமையாகச் சாப்பிடும் புட்டும் வாழைப்பழமும்தான் சாப்பிட்டோம். பழகாத உணவு அன்றைக்கு வேண்டாம், தங்கைகளே.

நகத்தை ஒட்ட வெட்டவேண்டும். தலைமயிரை இறுகக் கட்டவேண்டும். தோடு, மூக்குத்தி, சங்கிலி, கொண்டை ஊசி ஒன்றும் ஆகாது. இங்கேதான் எங்கள் வீடுகளில் பெரிய விவாதம் எழுந்தது. தாலிக்கொடியைக் கழற்றுவதா? இத்தனை வயதில், பிறத்தியாரோடு கட்டிப் புரள்வதற்காகவா? ஒரு வீட்டில் இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லை. கடைசியில் முடிவு சொன்னவர் எண்பது வயதை நெருங்கும் மாமிதான். "பிள்ளைப்பெறுவுக்கு ஆஸ்பத்திரியிலை கழட்டி என்னட்டைத்தானே தந்தனீ. இதுக்கும் கழட்டித் தா பிள்ளை. நான் வைச்சிருக்கிறன்." அவ்வளவுதான். போட்டிக்கு மாமியும் வந்தார், கைப்பைக்குள் கொடியோடு.

இப்போது, இந்த உரையை ஏன் ஆற்ற விரும்பினோம் என்பதைச் சொல்கிறோம்.

எங்களில் மூத்தவர் போர்க்காலத்தில் இங்கே படித்தவர். ஷெல் வரும் நேரங்களில் பதுங்குகுழிக்குள் ஒருவர் மேல் ஒருவராக விழுந்து கிடந்த பிள்ளைகளில் ஒருவர். இந்த மண்டபத்தில் இருக்கும் பலருக்கு அதை விளக்கத் தேவையில்லை. வகுப்பில் வேறு எல்லாவற்றையும் அவர் செய்வார். ஆனால் நெஞ்சின்மேல் ஒருவருடைய பாரம் இறங்கினால் அவருக்கு மூச்சு நின்றுவிடும். கண் இருண்டுவிடும். போட்டியில் அந்தப் பாரம் நிச்சயம் வரும். பெயரை எடுத்துவிடலாம் என்றுதான் அவர் சொன்னார்.

பயிற்றுநர் காரணம் கேட்கவில்லை. "எத்தனை விநாடி தாங்குவீர்கள்?" என்று மட்டும் கேட்டார். "ஐந்து." வகுப்பிலேயே நிறை குறைந்தவரை மேலே இருத்தினார். ஐந்து விநாடியில் இவர் தட்டினார். மேலே இருந்தவர் அந்தக் கணமே எழுந்துவிட்டார். மறுபடியும் ஐந்து. மறுபடியும் தட்டல். மறுபடியும் எழுந்தார். அடுத்த வாரம் பத்து விநாடி. பிறகு இருபது. ஆறாம் வாரக் கடைசியில், அவர் ஒரு முழு நிமிடம் பாரத்தின் கீழே கிடந்து, மூக்கால் மூச்சுவிட்டு, கொப்பியில் எழுதிய வழியால் தப்பி வெளியே வந்தார். அன்று நாங்கள் மூவரும் உடுப்பு மாற்றும் அறையில் நெடுநேரம் இருந்தோம்.

இது வைத்தியம் என்று நாம் சொல்ல வரவில்லை. மனக்காயம் உள்ளவர்கள் அதற்குரிய வைத்தியரிடம்தான் போகவேண்டும். நாங்கள் கண்டதை மட்டும் சொல்கிறோம். அவரைத் துணிய வைத்தது பலம் அல்ல. தான் எப்போது 'போதும்' என்றாலும் அது கேட்கப்படும் என்ற உறுதியே துணிய வைத்தது.

இக்கலையின் விதிகளில் மிகவும் கண்டிப்பானது அதுவே. எதிராளியிலோ நிலத்திலோ தன் உடலிலோ இருமுறை தெளிவாகத் தட்டினால் ஆட்டம் முடிந்தது. கைகள் இரண்டும் அகப்பட்டிருந்தால் காலால் தட்டலாம். அதற்கும் வழியில்லாவிட்டால் வாயால் சொல்லலாம். பிடிக்குள் அகப்பட்டவர் வலியில் 'ஆ' என்று கத்தினாலும் மத்தியஸ்தர் அதை ஒப்புக்கொண்டதாகவே எடுத்து ஆட்டத்தை நிறுத்துவார். உண்மையாகத்தான் சொல்கிறாயா, இன்னும் கொஞ்சம் பொறுக்கலாமே, முதலில் ஏன் வந்தாய் என்ற கேள்விகளுக்கு அங்கே இடமில்லை.

அன்புத் தங்கைகளே, நாம் வளர்ந்த வீடுகளில் எம்மிடம் அன்புக்குக் குறைவில்லை. ஆனாலும் 'பொம்பிளைப் பிள்ளை பொறுத்துப் போகவேணும்' என்பதைக் கேளாமல் வளர்ந்தவர் எங்களில் எவருமில்லை. பேருந்து நெரிசலில் பொறுத்தோம். வேலைத்தலத்தில் பொறுத்தோம். எங்கள் 'போதும்' யாருக்குக் கேட்டது? ஒரு சொல்லுக்கு, ஒரு தட்டலுக்கு இன்னொரு மனிதர் உடனே கையை எடுக்கும் இடம் ஒன்று உண்டு என்பதை நடுவயதில்தான் எங்கள் உடம்பு அறிந்தது. நீங்கள் அதைப் பதினான்கு வயதிலேயே அறியவேண்டும் என்பது எமது ஆசை. அறிந்த உடம்பு, கையை எடுக்காதவனை உடனே அடையாளம் கண்டுகொள்ளும். அதேபோல, மற்றவர் தட்டும்போது நீங்களும் விடவேண்டும். வெற்றி கைக்கு எட்டியிருக்கும் கணத்தில் பிடியை விடுவதும் பயிற்சியால் வருவதே.

போட்டியில் என்ன நடந்தது என்று கேட்பீர்கள். முதலாமவர் ஒன்றரை நிமிடத்தில் முழங்கைப் பூட்டில் அகப்பட்டுத் தட்டினார். எழுந்து வணங்கி, எதிராளியைக் கட்டியணைத்து, கை நோவில்லாமல் திங்கட்கிழமை வேலைக்குப் போனார். இரண்டாமவர் ஓர் ஆட்டத்தில் 5க்கு 2 என்று வென்று, அடுத்ததில் தோற்றார். அந்த 5 புள்ளியும் கொப்பியில் இருந்த இரண்டு வழிகளால் வந்தவை. மாமி பக்கத்தில் இருந்தவரிடம், "ஆர் வெண்டது, எங்கடை பிள்ளையோ?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாராம். மூத்தவருடைய வயதுப் பிரிவில் வேறு எவரும் பதியவில்லை. நாற்பத்தைந்தைத் தாண்டிய வெள்ளைப் பட்டிப் பெண்கள் எங்குமே அரிது. சும்மா நின்று பதக்கம் வாங்காமல், தன் சம்மதத்தோடு இளையவர் பிரிவில் இறங்கினார். எதிராளி அவரைவிடப் பத்து வயது இளையவர். இரண்டாம் நிமிடத்தில் அந்தப் பாரம் நெஞ்சில் ஏறியது. நாங்கள் இருவரும் வெளியே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். அவர் பிடிக்கவில்லை, விட்டார். ஆட்டம் முடியும் மணிவரை தட்டவில்லை. புள்ளியில் தோற்றார். வெளியே வந்து அவர் சொன்னது: "தட்டலாம் எண்டு தெரிஞ்சபடியால்தான் தட்டேல்லை."

கடைசியாகச் சங்கத்திடம் ஒரு விண்ணப்பம். நூற்றாண்டு நிதியில் கட்டடத் திருத்தம், நூலகம் என்று முக்கியமான தேவைகள் பல உண்டு என்பதை அறிவோம். அவற்றோடு, எமது கல்லூரி மண்டபத்துக்கு ஜூடோப் பாய்களும் வாங்கவேண்டும் என்று கேட்கிறோம். ஒரு பாய் 2 மீற்றர் நீளமும் 1 மீற்றர் அகலமும் கொண்டது. 18 பாய்கள் இருந்தால் 6க்கு 6 மீற்றர் இடம் கிடைக்கும். ஒரு வகுப்பு முறைவைத்துப் பழக அது போதும். ஜியு-ஜிட்சுதான் வேண்டும் என்றில்லை. எமது நாட்டில் வேரூன்றியுள்ள ஜூடோவிலும் தட்டினால் விடவேண்டும் என்பதே விதி. ஆனால் இரண்டு நிபந்தனைகள் உண்டு. தகுதிபெற்ற பயிற்றுநர், இயன்றவரை பெண் பயிற்றுநர் இருக்கவேண்டும். பயிற்சி நேரம் முழுவதும் பொறுப்பாசிரியை ஒருவர் அங்கே இருக்கவேண்டும். கழுத்துப் பிடிகளையும் மூட்டுப் பூட்டுகளையும் கைத்தொலைபேசியில் பார்த்து வீட்டு முற்றத்தில் செய்துபார்க்க வேண்டாம் என்று தங்கைகளை வினயமாகக் கேட்டுக்கொள்கிறோம். அந்தப் பாய்களில் மூன்றிலொரு பங்குக்கான செலவை எங்கள் மூவரின் குடும்பங்களும் ஏற்கின்றன. மீதிக்கு உங்கள் ஒவ்வொருவரையும் நாடி வருவோம்.

நூறு ஆண்டுகளாகப் பெண்பிள்ளைகளுக்குப் பேசக் கற்றுத்தந்த கல்லூரி இது. அவர்களுடைய 'போதும்' என்ற சொல்லுக்கும் இங்கே ஓர் இடம் அமையட்டும்.